பசங்களுக்கு நாய், பூனை பாத்துக்க சொல்லித்தர விளையாட்டு ஐடியா வேணும்

வணக்கம் மக்களே, எங்க அபார்ட்மென்ட்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு 14 பசங்க சேருவாங்க, எல்லாம் 6லேர்ந்து 10 வயசு, மூணு வீட்ல நாய் இருக்கு, ஒரு வீட்ல பூனை. போன மாசம் ஒரு குட்டிப்பையன் பாசத்துல நாய்க்கு சாக்லேட் ஊட்டிட்டான், நல்லவேளை அதுக்கு ஒன்னும் ஆகல, ஆனா அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

உக்காரவெச்சு பாடம் எடுத்தா கேக்க மாட்டாங்கன்னு கல்லா மண்ணாவ கொஞ்சம் மாத்தினேன், கோட்டுக்கு இந்தப் பக்கம் நாய்க்கு குடுக்கலாம், அந்தப் பக்கம் கூடாது, நான் திராட்சை, வெங்காயம், சாக்லேட்னு கத்தினா கூடாது பக்கம் தாவணும், வெறும் சோறு, வேகவெச்ச முட்டைன்னா இந்தப் பக்கம். செம ஹிட்! தெருநாய் கிட்ட வந்தா ஓடாம அசையாம நிக்கறதுக்கு ஸ்டேச்சு விளையாட்டு.

இப்ப முழிக்கிறது எதுலன்னா, கடிச்சாலோ பிராண்டினாலோ மறைக்காம உடனே வீட்ல சொல்லணும், சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவணும், உடனே டாக்டர்கிட்ட போய் ஊசி போடணும், இத பயமுறுத்தாம விளையாட்டா எப்படி கொண்டு வர்றது? நாய்னாலே பயப்படற ரெண்டு பொண்ணுங்களும் இருக்காங்க, அவங்களும் சேர்ந்து ஆடற மாதிரி வேணும். டீச்சர்ஸ், கால்நடை டாக்டர்ஸ் யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், வர்ற ஞாயிறே ட்ரை பண்றேன்.