லிவா மணலில் புதைந்து நின்ற பஜேரோ

அபுதாபிக்குத் தெற்கே லிவாவைத் தாண்டினால் ரப் அல் காலி பாலைவனம்தான். தல் முரீப் குன்று வரை தார் ரோடு இருக்கிறது, யாரும் போகலாம். ரோட்டை விட்டு மணலில் இறங்கினால்தான் சோதனை.

போன குளிர்காலத்தில் நண்பர்களோடு இரண்டு வண்டியில் போனபோது, குன்றுகளுக்கு நடுவே ஒரு பஜேரோ அச்சு வரை புதைந்து நின்றது. ஓட்டி வந்தவர் மதுரைக்காரர், மனைவி குழந்தைகளோடு ஒற்றை வண்டியில் வந்திருக்கிறார். மிதிக்க மிதிக்கச் சக்கரம் மணலைப் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டது. டயரில் ரோட்டுக்கு அடித்த 35 பி.எஸ்.ஐ காற்று அப்படியே இருந்தது.

"கயிறு கட்டி இழுத்துடலாமாண்ணே?" என்று எங்கள் வண்டியின் பின்னால் இருந்த டோ பாலில் கயிற்றை மாட்டப் போனார். பதறிப்போய்த் தடுத்தேன். டிரெய்லர் இழுக்கச் செய்த உருண்டை அது. வெடுக்கென்று இழுக்கும்போது முறிந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆள் மேல் பாயும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிரே போயிருக்கிறது. கயிறு கட்டுவதானால் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்ந்த, இழுப்பதற்கென்றே உள்ள ரெக்கவரி பாயின்டில்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

முதலில் மண்வெட்டியை எடுத்தோம். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்திருக்கும் வரை எந்த எஞ்சினும் அதை நகர்த்தாது. அடியில் கிடந்த மணலைப் பக்கவாட்டில் வாரினோம். நாலு சக்கரத்துக்கும் பின்னால் சரிவாகத் தோண்டினோம். அப்புறம் காற்றை 12 பி.எஸ்.ஐ-க்கு இறக்கினோம். வால்வைத் திறந்ததும் டயரின் பக்கச்சுவர் மெல்லப் பிதுங்கியது, மணலில் பதியும் பட்டை நீளமானது. நம்மைத் தூக்கி நிறுத்துவது அந்த நீளம்தான்.

முன்னால் போக முயலவில்லை. வந்த தடத்தில் மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும், அதனால் ரிவர்ஸ். நாலு சக்கரமும் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும் 4 லோ கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும். ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுபடி தோண்டினோம். அடுத்த தடவை தானாகவே ஏறி வந்துவிட்டது, கயிற்றுக்கு வேலையே இல்லை. காற்றைத் திரும்ப ஏற்றாமல் ஹைவேயில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும் என்பதால், ரோட்டோரத்தில் எங்கள் கம்ப்ரஸரிலேயே அடித்துக் கொடுத்தோம்.

சப்கா என்கிற உப்புத் தரை மட்டும் வேறு கதை. மேலே உப்புப் பாளம் காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே சேறு. அங்கே மாட்டி மீண்டவர்கள் இருந்தால், எப்படி எடுத்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.