மின்சார ஆட்டோ எடுத்து ஒன்றரை மாதம் ஆகியும் மானியம் கணக்கில் விழவில்லை, அவசரம்

சிப்ஸ்கடை (7 நவம்பர் 2025, இரவு 10.40)
எல்லோருக்கும் வணக்கம். மத்திய அரசு மானியம் உண்டு என்று சொன்னதால்தான் மின்சார வண்டி எடுத்தோம். ஒன்றரை மாதம் ஆகிறது, வங்கிக் கணக்கில் ஒரு பைசா வரவில்லை. அடுத்த வண்டிக்கு வவுச்சரே வரவில்லை; போர்ட்டல் ஏற்கவில்லை என்கிறார்கள். மூன்றாவதற்கு மானியமே கிடையாதாம். ஒரே கடைக்கு மூன்று வண்டி, மூன்று விதமான பதில். யாரிடம் புகார் செய்வது? திங்கட்கிழமை முன்பணம் கட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வடசேரி_வணிகன் (இரவு 10.58)
என்ன வண்டி, எத்தனை சக்கரம், யார் பெயரில் பதிவு? இது எதையும் சொல்லாமல் அவசரம் என்றால் நாங்கள் வெற்றிலையில் மை தடவியா பார்ப்பது?

பழைய_மெக்கானிக் (இரவு 11.05)
ஆதாரில் பெயர் பொருந்தாத கோளாறு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இனிஷியல் ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கியில் பின்னால் இருக்கும். என் மைத்துனருக்கு சமையல் எரிவாயு மானியம் இப்படித்தான் ஒரு வருடம் நின்றது. முதலில் ஆதார் மையத்துக்குப் போங்கள்.

குளச்சல்_காற்று (இரவு 11.20)
அண்ணாச்சி, மானியத்தை விடுங்கள். கடன் போட்டு எடுத்திருந்தால் வட்டியில் 1.5 லட்சம் வரை வருமான வரிக் கழிவு இருக்கிறது. 80இஇபி பிரிவு.

தக்கலை_கணக்கர் (8 நவம்பர், காலை 6.15)
80இஇபி பழைய கதை. 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடனுக்கு மட்டும்தான் அது. யாராவது நம்பிக் கணக்கில் போட்டுவிடப் போகிறார்கள்.
சிப்ஸ்கடைத் தம்பி, வண்டி விவரம் சொல்லுங்கள். ஜிஎஸ்டியில் சாதாரணப் பதிவா, காம்போசிஷனா (விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) என்பதும் வேண்டும்.

அரசாணை_வாசகன் (காலை 7.30)
இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் படிக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு இல்லை. மறுபடியும் சொல்கிறேன். மின்சார வண்டிக்கான மத்திய அரசின் பழைய மானியத் திட்டமான ஃபேம் இரண்டாம் கட்டம் 2024 மார்ச்சில் முடிந்தது. நடுவில் ஆறு மாதம் ஓர் இடைக்காலத் திட்டம். 2024 அக்டோபர் 1 முதல் பிஎம் இ-டிரைவ், மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி. எல்5 வகை மூன்று சக்கர வண்டிக்கு முதலில் பேட்டரிக் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் 5,000 ரூபாய், உச்சவரம்பு 50,000. இப்போது அது பாதி: 2,500 ரூபாய், உச்சவரம்பு 25,000. அறிவிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்க முடிந்தவர்கள் படிக்கலாம்.

வடசேரி_வணிகன் (காலை 7.41)
படிக்க முடியாதவர்களுக்குத்தானே ஐயா இங்கே இடம்.

சிப்ஸ்கடை (காலை 9.50)
மன்னிக்கவும், கடையில் கூட்டம். மார்த்தாண்டம். நேந்திரம் சிப்ஸ், முறுக்கு போடுகிறோம். குளச்சல், குலசேகரம், களியக்காவிளை வரை கடைகளுக்குப் போகும். மூன்று சக்கர சரக்கு ஆட்டோ இரண்டு, நான்கு சக்கர மினி வண்டி ஒன்று. ஒரு ஆட்டோ வந்துவிட்டது. மற்றது இரண்டும் இனிமேல்தான். எல்லாம் என் பெயரில்தான், வேறு யார் பெயரில் எடுப்பது?

தக்கலை_கணக்கர் (காலை 10.25)
இப்போது புரிகிறது. மூன்றுக்கும் மூன்று காரணம், தம்பி.

வந்துவிட்ட ஆட்டோவின் பில்லை எடுத்துப் பாருங்கள். இந்த மானியம் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு வருவதே இல்லை. விலையிலேயே கழித்துக்கொண்டுதான் வண்டியைக் கொடுக்க வேண்டும். தயாரிப்பாளர் பிறகு கனரகத் தொழில் அமைச்சகத்திடம் கேட்டு வாங்கிக்கொள்வார். வண்டி எடுத்த அன்று ஆதாரை வைத்து முகம் காட்டச் சொல்லி, கைப்பேசிக்கு ஒரு வவுச்சர் வந்து, அதில் கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அது இதற்குத்தான். பில்லில் மானியத்தைக் கழித்துக் காட்டியிருந்தால் உங்களுக்கு வர வேண்டியது வந்தாயிற்று. வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பில்லில் கழிக்காமல் விட்டிருந்தால்தான் புகார்.

இரண்டாவது ஆட்டோ: ஓர் ஆதாருக்கு ஒரு வண்டிதான். அதே ஆதாரைப் போட்டால் போர்ட்டல் ஏற்காது. கோளாறு அல்ல, விதி.

மினி வண்டி: மொத்த எடை மூன்றரை டன்னுக்குள் இருந்தால் அது என்1 வகை. பிஎம் இ-டிரைவில் அதற்கு இடமே இல்லை. மின்சார லாரிக்கு 9.6 லட்சம் வரை என்று செய்தித்தாளில் வந்தது என்2, என்3 பெரிய வண்டிகளுக்கு. அதற்கும் பழைய லாரியை உடைத்த சான்றிதழ் கேட்பார்கள்.

பழைய_மெக்கானிக் (காலை 10.40)
எதற்கும் ஆதாரில் இனிஷியலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் அக்கா.

மலையோரத்தான் (காலை 11.10)
மானியம் இருக்கட்டும். குலசேகரம் ஏற்றத்தில் மூன்று சக்கர மின்சார வண்டி சுமையோடு ஏறுமா? நான் ரப்பர் ஷீட் ஏற்றுகிறவன். பேச்சிப்பாறைப் பக்கம் போய்த் திரும்பினால் கம்பெனி சொன்ன தூரத்தில் கால்வாசியை மறந்துவிட வேண்டியதுதான்.

வடசேரி_வணிகன் (காலை 11.22)
ரப்பர் ஷீட்டும் சிப்ஸும் ஒன்றா? அவர் ஏற்றுவது காற்றடைத்த பை. எடை எங்கே இருக்கிறது, இடம்தான் வேண்டும். கூண்டு உயரமாகக் கட்டிய ஆட்டோ போதும். மினி வண்டியே தேவையா என்று யோசிக்கலாம். அப்படியே வேண்டுமென்றாலும், செப்டம்பர் 22 முதல் டீசல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது. மின்சார வண்டிக்கு 5. இடைவெளி முன்பு போல் இல்லை, இரண்டு விலைப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குளச்சல்_காற்று (காலை 11.45)
டீசல் பக்கம் தள்ளாதீர்கள். நம் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலை மின்சாரத்தில் நம் வண்டி ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம்.

மலையோரத்தான் (பகல் 12.05)
ஐப்பசி மாதத்தில் காற்றாலையைப் பற்றிப் பேசுகிறீர்களே. ஆடியில் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். இப்போது ஆரல்வாய்மொழியில் நின்று பாருங்கள், பாதி இறக்கை மழையில் நனைந்துகொண்டு சும்மா நிற்கிறது. உங்கள் வண்டியில் ஏறுவது தூத்துக்குடி நிலக்கரி.

குளச்சல்_காற்று (பகல் 12.20)
நிலக்கரியாக இருந்தாலும் புகை கடைவாசலில் வராதே.

மலையோரத்தான் (பகல் 12.24)
ஓ, புகை தூத்துக்குடிக்காரர் மூக்குக்குப் போனால் பரவாயில்லையா?

(இதற்குப் பிறகு காற்றாலை பற்றி இவர்கள் இருவரும் எழுதிய பதினொரு பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டன. மட்டுறுத்துநர்)

சிப்ஸ்கடை (மாலை 4.35)
அக்கா, இரண்டாவது ஆட்டோவை மனைவி பெயரில் எடுத்தால் 25,000 கிடைக்கும்தானே? டீலரும் அதையே சொல்கிறார்.

அரசாணை_வாசகன் (மாலை 5.02)
25,000-ஐப் பிடிக்கப் போய்ப் பெரியதை விடுகிறீர்கள். வண்டியின் அடக்க விலை 4 லட்சம் என்று வையுங்கள். ஜிஎஸ்டி 5 சதவீதம், 20,000. சரக்கு வண்டி என்பதால் அதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். மனைவி பெயரில் பில் போட்டால் அது போச்சு. அடுத்து தேய்மானம். சாதாரணச் சரக்கு வண்டிக்கு 15 சதவீதம், மின்சார வண்டிக்கு 40. இப்போது எடுத்தால் மார்ச்சுக்குள் 180 நாள் ஓடாது, ஆகவே இந்த ஆண்டு பாதி, அதாவது 80,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில். உரிமையாளர் நீங்களாக இல்லாவிட்டால் இதுவும் இல்லை. கணக்குத் தெரியாதவர்கள்தான் மானியம் மானியம் என்று அலைவார்கள்.

தக்கலை_கணக்கர் (மாலை 5.30)
கணக்கு சரி ஐயா. ஆனால் அது இவருடைய கணக்கா? காலையிலேயே கேட்டேன், பதில் வரவில்லை. காம்போசிஷனில் இருந்தால் உள்ளீட்டு வரி எடுக்கவே முடியாது. வருமான வரியில் 44ஏடி பிரிவின்படி விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டுகிறவர் என்றால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. உள்ளீட்டு வரி, தேய்மானம் இரண்டுமே எடுக்க முடியாதென்றால் அந்த 20,000, 80,000 எல்லாம் காகிதத்தில்தான். அப்போது 25,000 ஒன்றுதான் கைக்கு வரும் பணம்.
மனைவி பெயரில் எடுப்பதில் வேறு சிக்கல் உண்டு: கடன், காப்பீடு, ஆர்சி எல்லாம் அவர் பெயரில் வரும், கடையின் சொத்தாக நிற்காது. அவர் வெறும் கையெழுத்துக்காக மட்டும் என்றால் நான் ஒப்பமாட்டேன். முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடுவது அவர்தானே.

அரசாணை_வாசகன் (மாலை 5.44)
காம்போசிஷன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் இவ்வளவு எழுதப் போகிறேன்.

வடசேரி_வணிகன் (மாலை 5.50)
அவர் இன்னும் சொல்லவே இல்லை!

தக்கலை_கணக்கர் (மாலை 6.10)
இன்னொன்று. எல்5 மானியத்துக்கு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. போன ஆண்டு 5,000 ரூபாய் வீதம் மார்ச் வரை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நவம்பரிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே முன்பணம் கட்டும்போது, பில் போடும் நாளில் மானியம் இல்லையென்றால் வித்தியாசம் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டின் சாலை வரி விலக்கும் இப்போதைய அறிவிப்புப்படி டிசம்பர் 31 வரைதான். புக்கிங் தேதி உதவாது, அதற்குள் மார்த்தாண்டத்தில் பதிவு முடிய வேண்டும்.

களியக்காவிளை_லோடு (இரவு 8.15)
இடையில் ஒரு கேள்வி. பாறசாலைப் பக்கம் சரக்கு கொண்டுபோனால் மின்சார ஆட்டோவுக்குக் கேரள பெர்மிட் வேண்டுமா?

வடசேரி_வணிகன் (இரவு 8.31)
பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. காப்பீடும் தகுதிச் சான்றும் கையில் இருக்கட்டும்.

சிப்ஸ்கடை (10 நவம்பர், காலை 8.05)
பில்லைப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் 25,000 கழித்திருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை, டீலரிடம் சண்டை வேறு போட்டுவிட்டேன். காம்போசிஷன்தான். மினி வண்டியை நிறுத்திவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

தக்கலை_கணக்கர் (காலை 8.20)
நல்லது தம்பி. இரண்டாவது ஆட்டோ யார் பெயரில்?

தக்கலை_கணக்கர் (14 நவம்பர், இரவு 9.10)
தம்பி?

பழைய_மெக்கானிக் (14 நவம்பர், இரவு 9.32)
இனிஷியல் சரியாக இருந்ததா என்பதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.