புதுப்பிப்பு: மருந்து ஆய்வில் சேரலாமா என்று கேட்டிருந்தேனே, அது பற்றி

எனக்கு ஆறு வருடமாக அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்), அதற்குச் சாப்பிடும் மெசலமைன் மாத்திரை இப்போது கேட்பதில்லை, புது மருந்து ஆய்வுக்கு வயது வந்தவர்களைச் சேர்க்கிறார்கள், போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சரி, போனேன். நீங்கள் சொன்னபடி முதலில் சிடிஆர்ஐ (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) தளத்தில் அந்த ஆய்வின் பதிவு எண்ணைத் தேடினேன், இருந்தது. (இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து ஆய்வு தொடங்கும் முன்பே அங்கே பதிவது கட்டாயம்.) ஒப்புதல் படிவம் தமிழிலேயே இருந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிங்க, அவசரமில்லை" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்குக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை யாருக்குப் போகிறது என்பது டாக்டருக்கும் தெரியாது என்ற வரியில் என் மனைவி பேனாவால் கோடு போட்டாள். இரண்டு இரவு அதைப் பற்றித்தான் பேசினோம்.

கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மலத்தில் கால்புரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனை, கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), மார்பு எக்ஸ்ரே, டிபிக்கு ரத்தப் பரிசோதனை. அந்தக் கடைசிப் பரிசோதனை பாசிட்டிவ். எனக்கு டிபி நோய் இல்லை, கிருமி உள்ளே உறங்குகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் அது விழித்துக்கொள்ளலாம் என்பதால் இப்போதைக்குச் சேர்க்க முடியாது என்றார்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனாலும் இது தெரியாமலே இருந்திருந்தால்? நாளை வேறு டாக்டர் இதே நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயாலஜிக் ஊசி எழுதினாலும் இதே ஆபத்துதான். இப்போது டிபி வராமல் இருக்க வாரம் ஒருமுறை தடுப்பு மாத்திரை, 12 வாரம். மூன்று முடிந்தது. அதற்குப் பிறகும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன்.