மிஸ்டு கால் பதிவாகலைன்னா முதல்ல மாத்திரைய எண்ணுங்க

குழு: காசநோய் சிகிச்சைத் துணை

மேலத்தெரு தன்னார்வலர்: அக்கா, நம்ம தெருக்காரருக்கு, அரசோட காசநோய் பதிவுத் தளமான நிக்‌ஷய்ல மூணு நாளா, மாத்திரை போட்டதும் கொடுக்கற மிஸ்டு கால் பதிவாகல. மாத்திரை போட்டேன்னு அடிச்சுச் சொல்றார்.

நர்ஸ் அக்கா: திட்டிடாதீங்க தம்பி. எடை எவ்வளவு? மருந்து வாங்கி எத்தனை நாள்?

மேலத்தெரு தன்னார்வலர்: 44 கிலோ. 28 நாளுக்கு வாங்கினார், இன்னியோட 10 நாள்.

நர்ஸ் அக்கா: 35லேர்ந்து 49 கிலோவுக்கு தினம் 3 மாத்திரை, ஒரே வேளையில. மொத்தம் 84. இன்னிக்குப் போட்டிருந்தா 54 மிச்சம் இருக்கணும். 63 இருந்தா மூணு நாள் விட்டிருக்கார்.

மேற்பார்வையாளர்: எந்த போன்லேர்ந்து கூப்பிடுறார்னும் கேளுங்க. உறையில மாத்திரைக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கற நம்பருக்குச் சரியா அடிச்சாலும், நம்மகிட்ட பதியாத சிம்லேர்ந்து வந்தா அவர் கணக்குல ஏறாது. பெரும்பாலும் இதுதான் கோளாறு.

காட்டுக்கொட்டாய் தன்னார்வலர்: எங்க பக்கம் டவரே கிடைக்காது சார்.

மேற்பார்வையாளர்: மாத்திரைய நேரத்துக்குப் போடட்டும், காலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம்பரக் குறிச்சு வச்சு, சிக்னல் வர்ற இடத்துல அன்னிக்கே அடிக்கட்டும். காசு பிடிக்காது. அதுவும் முடியலைன்னா நீங்க நேர்ல பார்த்துச் சொல்லுங்க, நாங்க கையால பதியறோம்.

நர்ஸ் அக்கா: கால் வந்துட்டாலே மாத்திரை உள்ள போயிடுச்சுன்னும் நம்பிடாதீங்க. சிறுநீர்ல ஐசோனியசிட்ங்கற காசநோய் மருந்து இருக்கான்னு சோதிச்சு ஒப்பிட்ட ஆய்வுலயே கால் பதிவும் சோதனையும் சரியாப் பொருந்தல. இதே மாத்திரையில இருக்கற ரிஃபாம்பிசின்ங்கற மருந்து உள்ள போனா சில மணி நேரத்துல சிறுநீர் ஆரஞ்சு நிறமா போகும். அதையும் பேச்சோட பேச்சா கேளுங்க.

காட்டுக்கொட்டாய் தன்னார்வலர்: வாந்தி வருதுன்னு நிறுத்தினா?

நர்ஸ் அக்கா: எனக்கு உடனே போன் பண்ணுங்க. கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அடுத்த டோஸ் போடாம அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. இருமல் நின்னுடுச்சுன்னு நிறுத்தறவங்கதான் அதிகம். 6 மாசம் முழுக்கப் போடணும்ங்கற கணக்க வீட்டு ஆளுங்ககிட்டயும் சொல்லுங்க. ஆனா நோயாளி சம்மதிச்சா மட்டும்.

மேற்பார்வையாளர்: இன்னொண்ணு. மருமகன் போன பதிஞ்சா நினைவூட்டல் குறுஞ்செய்தி அவர் கண்ணுல படும், விஷயம் வெளிய வந்துடும். எந்த நம்பர்னு நோயாளியே சொல்லட்டும்.

மேலத்தெரு தன்னார்வலர்: எண்ணிட்டேன் அக்கா, 54 இருக்கு! பழைய சிம் போயிடுச்சாம், பேரன் போன்லேர்ந்து அடிச்சிருக்கார்.

நர்ஸ் அக்கா: அப்பாடா, பாவம் மனுஷன்.

மேற்பார்வையாளர்: பேரன் நம்பரப் பதியலாமான்னு அவர்கிட்டயே கேட்டுட்டு எனக்குத் தனியா அனுப்புங்க. குழுல போடாதீங்க.