வூ வெய் சிங்கப்பூருக்கு ஒத்துவருமா? போதுமென்ற மனத்தைப் பற்றி ஒரு விவாதம்

நீரோட்டம்:
தாவோயிசம் என்றதும் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் இருக்கும் தியான் ஹோக் கெங் கோயிலும் ஊதுவத்திப் புகையும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 8.8 விழுக்காட்டினர் தங்களைத் தாவோயிஸ்டுகள் என்று பதிந்தார்கள். நான் பேச வந்தது அந்த வழிபாட்டைப் பற்றி அல்ல, பழைய சீன ஞானி லாவோட்சுவின் பெயரில் வழங்கும் தாவோ தே சிங் என்ற 81 அதிகார நூலையும், அது சொல்லும் வூ வெய், அதாவது வலிந்து செய்யாமையையும் பற்றி.

அதன் 48ஆம் அதிகாரம் சொல்வது இது: கற்பவன் நாளுக்கு நாள் கூட்டுகிறான், தாவோவில் (இயற்கையின் வழியில்) நடப்பவன் நாளுக்கு நாள் கழிக்கிறான். நம் ஊரில் எல்லாமே கூட்டல்தான். இன்னொரு சான்றிதழ், இன்னொரு துணைப்பாட வகுப்பு, இன்னொரு வாட்ஸ்அப் குழு. மனநிறைவு வேண்டுமென்றால் வாரம் ஒன்றைக் கழியுங்கள். முதலில் ஒரு வாரம் முழுக்க செய்வதையெல்லாம் எழுதி வையுங்கள். எதைச் செய்யும்போது தோள் இறுகுகிறதோ, எதை நிறுத்தினால் வேறு யாருக்கும் நட்டமில்லையோ, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். நான்கு வாரத்தில் நான்கு. ஒரே நாளில் பத்தை வெட்டினால் பதினோராம் நாள் பத்தும் திரும்பி வந்துவிடும்.

கணக்கர்:
தம்பி, கழிக்க ஏதாவது இருப்பவனுக்குத்தான் இந்தப் பாடம். 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் பாதுகாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை, பயணம், தூக்கம். இதில் எதைக் கழிப்பார்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் தவணையையா? "முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்று வள்ளுவர் சொன்னது அவருக்கு உதவும். சும்மா இரு என்பது உதவாது. தாவோயிசத்தின் இன்னொரு பழைய ஆசிரியர் சுவாங்ட்சு, அரசுப் பதவியே வேண்டாம், சேற்றில் வால் இழுத்துத் திரியும் ஆமையாக இருக்கிறேன் என்றார். வாடகை கட்டும் குடும்பத்தலைவர் அப்படிச் சொல்ல முடியுமா?

நீரோட்டம்:
ஐயா, வூ வெய் என்றால் சும்மா இருப்பது அல்ல. இந்தப் பிழை எல்லா இடத்திலும் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

60ஆம் அதிகாரம்: பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீனைச் சமைப்பது போல. குனிங் மீன் பொரிப்பதை நினைத்துப் பாருங்கள். எண்ணெயில் போட்ட கையோடு கரண்டியை விட்டுப் புரட்டினால் தோல் சட்டியில் ஒட்டிக் கிழிந்துவிடும். மீனின் ஈரத்தை நன்றாகத் துடைத்து, எண்ணெய் நன்கு காய்ந்த பிறகு போட்டு, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விட்டால் தோல் முறுகித் தானாகவே சட்டியை விடும். அப்போது ஒரே ஒரு புரட்டல் போதும். ஈரம் துடைத்தது வேலை, எண்ணெய் காய்ச்சியது வேலை, நேரம் பார்த்தது வேலை. நடுவில் கிளறாமல் நின்றதுதான் வூ வெய்.

சுவாங்ட்சு பெயரிலுள்ள நூலின் 3ஆம் அதிகாரத்தில் வரும் சமையற்காரர் திங்கின் கத்தியும் இதைத்தான் சொல்கிறது. 19 வருஷம், ஆயிரக்கணக்கான மாடுகள், ஆனாலும் சாணை பிடித்த கூர் அப்படியே இருக்கிறது. கண்டபடி வெட்டிப் போடுகிறவர் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், பக்குவமாக அறுப்பவர் வருஷத்துக்கு ஒன்று. திங் எலும்புக்கும் மூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கத்தியை விடுகிறார். அதற்கு அடுத்த வரியைத்தான் மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள்: முடிச்சான இடம் வந்தால் அவர் அஞ்சுகிறார், பார்வை நிலைக்கிறது, கை மெதுவாகிறது. அதாவது கடினமான இடம் உண்டு என்று நூலே ஒப்புக்கொள்கிறது.

வெண்பா_ஈசூன்:
வள்ளுவரைக் கணக்கர் ஐயா ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறார். "கொக்கொக்க கூம்பும் பருவத்து" என்ற 490ஆம் குறளும் அவருடையதுதான். காலம் வராதபோது கொக்கு போல ஒடுங்கியிரு, வந்ததும் அது குத்துவது போலத் தப்பாமல் செய். இது திங்கின் கத்திக்கு அடுத்த வீடு.

பெற்றோருக்கு ஒரு நடைமுறை உதாரணம் தருகிறேன். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2021 முதல் டி-ஸ்கோர் (மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண்) கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை தரநிலை, நான்கு பாடத்துக்குக் கூட்டினால் 4 முதல் 32 வரை. குறைவாக இருந்தால் நல்லது. 90ம் அதற்கு மேலும் எல்லாமே தரநிலை 1. கணிதத்தில் 95 வாங்கும் பிள்ளையை 99க்குத் தள்ள வாரம் இரண்டு மணி நேரம் செலவழித்தால் கூட்டுத்தொகையில் ஒரு மாற்றமும் வராது. அதே பிள்ளை தமிழில் 62 என்றால் அது தரநிலை 6, மூன்று மதிப்பெண் கூடினால் 65, தரநிலை 5. இடைவெளி அங்கே இருக்கிறது, நாம் எலும்பில் வெட்டிக்கொண்டிருக்கிறோம். "நிற்குமிடம் அறிந்தவனுக்கு ஆபத்தில்லை" என்கிறது லாவோட்சுவின் 44ஆம் அதிகாரம். ஒரு எச்சரிக்கை: பள்ளித் தேர்வில் 91 வாங்குவதை நிற்குமிடம் என்று எண்ண வேண்டாம். தேர்வன்று அது 88 ஆகலாம். 95ஐ ஒட்டி நிற்பதுதான் நிதானம்.

கணக்கர்:
அம்மா, கணக்கு சரி. ஆனால் இது தாவோ இல்லை, இது கணக்கு. சுவாங்ட்சு 12ஆம் அதிகாரத்தில் ஒரு தோட்டக்காரர் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார். ஒரே நாளில் நூறு பாத்திக்குப் பாய்ச்சலாம், ஏற்றம் போடு என்று கன்ஃபூசியஸின் சீடர் சொல்கிறார். நம் தாத்தாக்கள் இறைத்த அதே ஏற்றம்தான். தோட்டக்காரர் என்ன சொன்னார்? பொறி வந்தால் பொறிக்கான காரியம் வரும், காரியம் வந்தால் பொறி மனம் வரும், எனக்கு அது தெரியும், பயன்படுத்த வெட்கப்படுகிறேன் என்றார். தரநிலை எல்லையைப் பார்த்துப் பிள்ளையின் நேரத்தைப் பிரிப்பது பச்சையான பொறி மனம். கியாசு குணத்துக்கு, அதாவது பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்துக்கு, தத்துவச் சட்டை மாட்டுகிறீர்கள்.

வெண்பா_ஈசூன்:
நியாயமான அடி. கணக்கை எத்தனை தடவை போடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு என்று நினைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை போட்டுவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்தால் அது கருவி. ஒவ்வொரு வாரத் தேர்வுக்கும் எடுத்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன பொறி மனம்தான். மிச்சமான இரண்டு மணி நேரத்தை என்ன செய்கிறோம் என்பது இன்னும் முக்கியம். பெரும்பாலும் அங்கேதான் எல்லாம் கெடுகிறது: கணித வகுப்பை நிறுத்திவிட்டுக் கோடிங் வகுப்பில் போடுகிறார்கள். லாவோட்சுவின் 11ஆம் அதிகாரம் சொல்வது போல, அறையின் பயன் அதன் காலியிடத்தில். பிள்ளை அந்த இரண்டு மணி நேரம் புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து உதைக்கட்டும், இல்லை படுத்துக் கிடக்கட்டும்.

தேநீர்_கடை:
நடுவில் ஒரு கேள்வி. தினமும் செய்ய ஏதாவது பயிற்சி உண்டா?

நீரோட்டம்:
உண்டு. சுவாங்ட்சு 6ஆம் அதிகாரத்தில் "உட்கார்ந்து மறத்தல்", 4ஆம் அதிகாரத்தில் "மனத்தின் நோன்பு". காலையில் 10 நிமிடம். இந்த அளவு நூலில் இல்லை, நம் வசதிக்கு வைத்துக்கொள்வது. கடினமான நாற்காலி, பாதம் தரையில், கைபேசி வேறு அறையில். நேரத்துக்குச் சமையலறை டைமர். முதலில் வெளியே கேட்பதைக் கேளுங்கள்: லிஃப்ட் கதவு, மைனா, பக்கத்து வீட்டு மின்விசிறி. பிறகு அந்த ஒலிகளுக்குப் பெயர் வைப்பதை நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

தவறுவது மூன்று இடத்தில். சோபாவில் அல்லது சாப்பிட்டதும் உட்கார்ந்தால் தூக்கம் வரும். எண்ணத்தை அடக்க முயன்றால் கலங்கிய நீரைக் கையால் தெளிய வைப்பது போல மேலும் கலங்கும். லாவோட்சுவின் 15ஆம் அதிகாரம் சொல்வது அசையாமல் விட்டால் தெளியும் என்பதுதான். மூன்றாவது, ஏழாம் நாள் "எனக்கு அமைதி வந்துவிட்டதா" என்று அளந்து பார்ப்பது. அளக்கத் தொடங்கியதும் அது இன்னொரு இலக்காகிவிடும்.

கணக்கர் ஐயா, பாதுகாவலரை மறக்கவில்லை. 2024 டிசம்பர் 1 முதல் நெகிழ்வு வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நடப்பில் உள்ளது. தகுதிகாண் காலம் முடித்தவர் எழுத்தில் கேட்கலாம்: எந்த ஏற்பாடு, எத்தனை நாள், காரணம், தொடக்கத் தேதி. முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். வீட்டிலிருந்து வேலை மட்டும் அல்ல, நேர மாற்றமும் பணிச்சுமை மாற்றமும் அதில் அடங்கும்.

கணக்கர்:
மறுக்கவும் முதலாளிக்கு உரிமை உண்டு. செலவு, உற்பத்தித்திறன் என்று வர்த்தகக் காரணம் காட்டினால் போதும். அதனால் அந்தப் புள்ளியில் நான் இறங்கி வரவில்லை.

இன்னொன்று. போதுமென்று அறி என்கிறார் லாவோட்சு. எவ்வளவு போதும்?

நீரோட்டம்:
எண்ணாக எழுதாவிட்டால் அது நகர்ந்துகொண்டே போகும். அரிசி, தவணை, பயணம், மருந்து, பெற்றோருக்குக் கொடுப்பது ஆகிய ஒரு மாத அவசியச் செலவை மட்டும் கூட்டி ஆறால் பெருக்குங்கள். மத்திய சேம நிதியைச் சேர்க்காதீர்கள், 55 வயதுக்கு முன் அதை ரொக்கமாக எடுக்க முடியாது. சம்பளம் கூடியதற்காக எண்ணை மாற்றக் கூடாது. குழந்தை பிறந்தால், தவணை மாறினால் மட்டும் மாற்றலாம்.

கணக்கர்:
மாதம் அவசியச் செலவு 2,400 வெள்ளி, மிச்சம் 240 வெள்ளி என்றால் 14,400 சேர 60 மாதம். அந்த ஐந்து வருஷமும் அவருக்கு என்ன மனநிறைவு?

நீரோட்டம்:
சம்பள நாளில் 240ஐத் தானியங்கி மாற்றலில் வேறு கணக்குக்கு அனுப்பிவிட்டு, மாதம் ஒருமுறை மட்டும் இருப்பைப் பார்க்கட்டும். மற்ற 29 நாளும் வங்கிச் செயலியைத் திறக்க வேண்டாம். மீனைப் புரட்டாமல் நிற்பது இங்கே இதுதான். 50ஆம் மாதத்தில்தான் கவனம் கூட வேண்டும். முடியப்போகும் நேரத்தில்தான் மக்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்கிறது 64ஆம் அதிகாரம். சேர்ந்துவிட்டது போலிருக்கும்போது புதுக் கைபேசி வாங்குவது அந்த மாதங்களில்தான்.

கணக்கர்:
மாதம் ஒருமுறை பார்ப்பதை ஏற்கிறேன், அது செய்யக்கூடியது. 12 மணி நேர ஷிஃப்ட் விஷயத்தில் இல்லை. அதற்குக் கழித்தல் போதாது, ஆள் கூட்ட வேண்டும், சம்பளம் கூட்ட வேண்டும். அதை அந்த 81 அதிகாரத்தில் எங்கே பார்த்தீர்கள் என்று காட்டுங்கள், மேலே பேசுவோம்.

வெண்பா_ஈசூன்:
75ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள் ஐயா. மேலே இருப்பவர்கள் வரியை அதிகம் விழுங்குவதால்தான் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று தொடங்குகிறது. பாதுகாவலருக்குச் சொன்ன அறிவுரை அல்ல அது, அவரை வேலைக்கு வைப்பவர்களுக்கு. இன்று இரவு அந்த அதிகாரத்தை முழுதாக இங்கே மொழிபெயர்த்துப் போடுகிறேன்.