வலியே இல்லாத அப்பாவுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை தேவையா?

கேள்வி

அப்பாவுக்கு 63 வயது. சில மாதங்களாகச் சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காசோலை திரும்பி வந்துவிட்டது. கால்களை அகட்டி வைத்து நடக்கிறார். கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு (சி5–சி6) இடையே உள்ள வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வந்திருக்கிறது. தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார் மருத்துவர். ஆனால் கழுத்தில் துளி வலி கிடையாது. “வலிக்காத இடத்தில் எதற்குக் கத்தி?” என்கிறார் அப்பா. உறவினர்களோ கழுத்தை இழுத்துவிடுபவரிடம் அழைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

இதே நோய்க்கு, இதே இடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் நான். முதல் வேலையாக, அப்பாவின் கழுத்தை இழுக்கவோ திருகவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். இடமில்லாமல் நெருங்கிக் கிடக்கும் தண்டுவடம் அது.

வலி இல்லாததை நம்பி இருந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நரம்பு வேர் அழுந்தினால் கை முழுக்கச் சுண்டி இழுக்கும். தண்டுவடமே அழுந்தும்போது பலருக்கு வலி தெரியாது. கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும். என் கை மரத்துப்போனதை மணிக்கட்டு நரம்புக் கோளாறு என்று முதலில் பட்டை கட்டிவிட்டார்கள். பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் என் நடுவிரல் நகத்தை மெல்லச் சுண்டினார். கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கியது. தண்டுவடம் அழுந்துவதற்கான அறிகுறி அது என்று அப்போதே கழுத்து ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

எனக்கு முன்கழுத்து வழியாக வட்டை எடுத்துவிட்டு, மேலும் கீழுமுள்ள எலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதற்காக அந்த இடத்தில் சிறு கூடு வைத்துத் தகடு பொருத்தினார்கள். சில வாரங்கள் விழுங்கச் சிரமப்பட்டேன், பிறகு சரியாகிவிட்டது. நடை நன்றாகத் தேறியது. விரல்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. பொத்தான் போடுகிறேன், ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அப்பாவிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். மேற்கொண்டு கெடாமல் நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சையின் முதல் நோக்கம். இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்பது, எவ்வளவு காலம் அழுத்தம் இருந்தது, எந்த நிலையில் சிகிச்சைக்குப் போகிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

மறுமொழி 2

இயன்முறை மருத்துவராக இத்தகைய நோயாளிகளைப் பார்க்கிறேன். கை, கால், உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் எம்ஜேஓஏ அளவுகோலில் அப்பாவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முழு மதிப்பெண் 18. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அறுவை சிகிச்சையையே 2017ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. 15 முதல் 17 வரை என்றால், கண்காணிப்போடு பயிற்சி செய்து பார்க்கவும் இடமுண்டு. அப்போதும் நிலை மோசமானால் அறுவைதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. விசாரித்தேன், 13 என்றார்கள். அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். மருத்துவரிடம் வேறென்ன கேட்க வேண்டும்?

மறுமொழி 1

முன்பக்கமா, பின்பக்கமா, ஏன் அந்த வழி என்று கேளுங்கள். அறுவைக்குப் பின் சிலருக்குத் தோளைத் தூக்க முடியாமல் போவதுண்டு. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். அதைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்பாவுக்குப் புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கும். அறுவை நாள் வரை வழுக்கும் தரையில் தனியாக விடாதீர்கள். சாதாரணமாக விழுந்தால்கூட இந்தத் தண்டுவடம் தாங்காது.