பதில்: பழைய அவுட்போர்டில் ஆயில் பம்பைக் கழற்றிவிடலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு எஞ்சினில், பெட்ரோலோடு தானாக ஆயில் சேர்க்கும் பம்பைக் கழற்றிவிடலாமா என்ற தம்பியின் கேள்விக்குப் பெரும்பாலானோர் "கழற்றி எறிந்துவிட்டுக் கையால் கலந்து ஊற்று" என்றே எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் ஒருவர் மட்டும் "பம்பை வைத்துச் செய்தவன் என்ன முட்டாளா?" என்று கேட்டிருந்தார். என் ஓட்டு பாதிக்கு மேல் அண்ணன் பக்கம்தான். ஆனால் எந்த வகைப் பம்ப் என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப் கிடையாது. பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் (கிராங்க் தண்டு சுழலும் அறை) வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. அதோடு போகும் ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது. அது நின்றுபோனால் முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. கையால் கலப்பதென்றால் வழக்கமான கணக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 25 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர் ஆயில். ஆனால் அது முழு வேகத்துக்கு வேண்டிய அளவு. மெதுவாக ஊர்ந்து போகும்போதும் அதே கலவை எரிவதால்தான் அந்தப் புகையும், கருத்துப்போன பிளக்கும். வேகத்துக்கு ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைத்துப் பம்ப் மூலம் கொடுக்கத்தான் இந்த இன்ஜெக்‌ஷன் ஏற்பாடே வந்தது.

இதற்குக் கெட்ட பெயர் வந்ததில் பெரிய பங்கு ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் 1984 வாக்கில் வந்த விஆர்ஓ (VRO) என்ற பம்புக்கு உண்டு. ஒரே பம்ப் பெட்ரோலையும் இழுக்கும், ஆயிலையும் இழுக்கும். அதை ஓட்டுவது கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பு. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பெட்ரோல் ஹோஸில் எங்கேயாவது காற்று இழுத்தால் ஆயில் கணக்கும் சேர்ந்து குழம்பும். பின்னால் பம்பைத் திருத்தினார்கள், ஆயில் போகிறதா என்று பார்க்கும் சென்சாரையும் சேர்த்தார்கள். கெட்ட பெயர் மட்டும் மாறவில்லை.

யமஹா, சுசுகி, மெர்க்குரியில் பெரும்பாலும் வேறு வழி: கிராங்கிலிருந்து பல்சக்கரம் வைத்துப் பம்பை ஓட்டுவார்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலோடு ஒரு லிங்க் கம்பி இணைந்திருக்கும். பொதுவாக இவை நீண்ட காலம் உழைக்கும். சில மெர்க்குரி மாடல்களில் மட்டும் அந்தப் பல்சக்கரம் பிளாஸ்டிக். வயதாகிவிட்டால் பல் மழுங்கும், பம்ப் நிற்கும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். "அலாரம் இருக்கிறதே, அடித்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அலாரம் எதைப் பார்க்கிறது? நிறைய மாடல்களில் அது பார்ப்பது ஆயில் டேங்கில் உள்ள மிதவையை மட்டும்தான். டேங்க் நிறைய ஆயில் இருந்து, பம்ப் செத்துக் கிடந்தால், அலாரம் வாயே திறக்காது. பம்பின் சுழற்சியையோ ஆயில் ஓட்டத்தையோ பார்க்கும் சென்சார் சில எஞ்சின்களில் உண்டு. தம்பியின் எஞ்சினில் இருக்கிறதா என்று சர்வீஸ் மானுவலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சாவியைப் போட்டதும் பஸ்ஸர் ஒருமுறை கத்தினால் பஸ்ஸர் வேலை செய்கிறது என்று மட்டும்தான் பொருள்.

எனக்குத் தெரிந்து பம்பைவிட அதைச் சுற்றி உள்ளவைதான் அதிகம் காலை வாரும். கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி போல இருந்த ஆயில் ஹோஸ் மஞ்சளாகி விறைத்திருக்கும். கிளிப் கடிக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு, அதைச் சுற்றி அழுக்கு ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே ஒரு காற்றுக் குமிழி நகராமல் நின்றால் அந்த லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். படகில் தனி ஆயில் டேங்க் வைத்த மெர்க்குரியில் கிராங்க் கேஸ் அழுத்தம்தான் ஆயிலை மேலே தள்ளுகிறது. மூடியை இறுக்காவிட்டாலோ வாஷர் போயிருந்தாலோ அழுத்தம் ஏறாது, ஆயிலும் ஏறாது. அதே மூடி வழியாகத் தண்ணீர் இறங்கினால் அடியில் போய்த் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

சோதிப்பது எளிது. தனி கேனில் 50-க்கு 1 கலந்த பெட்ரோலைக் கொடுங்கள், இன்ஜெக்‌ஷனும் இணைப்பில் இருக்கட்டும். ஆயில் டேங்கில் மட்டத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டிவிட்டு நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். எரிந்த பெட்ரோலுக்கு ஏற்ற அளவு ஆயில் இறங்கியிருந்தால் பம்ப் வேலை செய்கிறது. இறங்கவே இல்லை என்றாலும் கேனில் உள்ள கலவை எஞ்சினைக் காப்பாற்றும். ஐடிலில் ஓட்டி இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள், அப்போது மிகக் குறைவாகத்தான் போகும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஆயில் போகவில்லை என்றால் இந்தச் சோதனை காட்டாது, அதற்கு ஒவ்வொரு லைனாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஆயில். டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற தரக்குறி போட்டதைத்தான் ஊற்ற வேண்டும். பைக் டூ ஸ்ட்ரோக் ஆயிலில் சாம்பல் விடும் சேர்மானங்கள் இருக்கும், தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு அது ஆகாது.

சரி, கழற்றலாமா? பிளாஸ்டிக் பல்சக்கரம், உதிரிபாகம் கிடைக்காத பழைய எஞ்சின், கார்புரேட்டர் வகை என்றால் நானும் கழற்றத்தான் சொல்வேன். ஆனால் ஹோஸை மட்டும் பிடுங்கிவிட்டுப் பம்பை அப்படியே விடக்கூடாது. ஆயில் இல்லாமல் சுற்றினால் பம்பே உடையும், துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பம்பையும் அதன் பல்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, ஆயில் நுழையும் வாய்களையும் டேங்குக்குப் போகும் அழுத்த வாயையும் அடைக்க வேண்டும். திறந்து கிடந்தால் அதன் வழியாகக் காற்று இழுத்து, கலவை மெலிந்து, பிஸ்டன் உருகும். விஆர்ஓவாக இருந்தால் அதுவேதான் பெட்ரோல் பம்ப் என்பதையும் மறக்கக்கூடாது. பெட்ரோல் மூடியிலேயே "ஆயில் கலந்து ஊற்றவும்" என்று பெரிதாக எழுதிவிட வேண்டும், ஏனென்றால் படகை இரவல் வாங்குகிறவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது.

இ-டெக், ஆப்டிமேக்ஸ், எச்பிடிஐ வகையாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது, கிராங்க் கேஸ் பக்கமே வராது. நீ என்னதான் கலந்து ஊற்றினாலும் பேரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது.

தம்பி, எஞ்சின் பிராக்கெட்டில் உள்ள தகட்டைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பு. மாடல் எண் தெரிந்தால் பல்சக்கரம் எது, சென்சார் எது என்று தேடிச் சொல்கிறேன். அதுவரை கலந்த பெட்ரோலிலேயே ஓட்டு, பம்பையும் கழற்றாதே. கொஞ்சம் புகைக்கும், பரவாயில்லை.